மூன்று தண்ணீர்: கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கதை

சென்னையிலிருந்து கடற்கரையோடு தெற்கே போகிறவர்களுக்கு மாமல்லபுரம் தாண்டியதும் வலப்பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் இடப்பக்கம் சவுக்குத் தோப்புகளும் துணைக்கு வரும். கொஞ்ச தூரத்தில், டச்சுக்காரர்கள் துணி வணிகத்துக்காகக் கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினம். அதை ஒட்டித்தான் கல்பாக்கம். மீன்பிடி குப்பங்களும் மணல்மேடுகளுமாக இருந்த இந்த இடத்தில், 1960களின் பிற்பாதியில் நாட்டின் மூன்றாவது அணுமின் நிலையத்துக்கு வேலை தொடங்கியது. தாராப்பூரும் ராஜஸ்தானும் அதற்கு மூத்தவை. 1967-இல் திட்டத்தின் தலைமைப் பொறியாளர் பொறுப்பை ஏற்றவர் எம்.ஆர். சீனிவாசன். பிற்காலத்தில் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானவர் இவர்தான்.

ஏன் இங்கே? அன்றைய தமிழ்நாட்டின் மின்தட்டுப்பாட்டை நினைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டார் பம்புசெட்டுகள் ஊருக்கு ஊர் பெருகிக்கொண்டிருந்தன. நீர்மின் நிலையங்கள் மழையை நம்பியிருந்தன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி உண்டு; நல்ல நிலக்கரி வேண்டுமானால் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலிலோ கப்பலிலோ வர வேண்டும். யுரேனியத்துக்கு இந்தச் சுமைகூலிக் கவலை இல்லை. ஓர் ஆண்டுக்கான எரிபொருளைச் சில லாரிகளில் கொண்டுவந்துவிடலாம்.

ஆனால் எரிபொருள் எளிதாக வந்துவிடும் இடத்துக்குத் தண்ணீர் எளிதாக வந்துவிடவில்லை. கல்பாக்கத்தின் வரலாற்றைத் தண்ணீரின் வரலாறாகவே எழுதிவிட முடியும். நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கக் கனநீர், நீராவியாக்க நல்ல தண்ணீர், அந்த நீராவியைக் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்கக் கடல்நீர் என்று மூன்று வகை தேவைப்பட்டது. நல்ல தண்ணீருக்குத் தெற்கே பாலாற்றின் மணற்படுகை கைகொடுத்தது. மற்ற இரண்டும் பொறியாளர்களைப் பல ஆண்டுகள் தூங்கவிடவில்லை.

பூமியில் வெட்டியெடுக்கும் யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 ஆயிரத்தில் ஏழு பங்குதான். ஓர் அணு பிளக்கும்போது சராசரியாக இரண்டரை நியூட்ரான்கள் மிகுந்த வேகத்தில் வெளிவருகின்றன. அந்த வேகத்தில் அவை இன்னொரு 235 அணுவைப் பிளக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வேகம் தணிந்தால் வாய்ப்பு பல நூறு மடங்கு கூடும். கேரம் பலகையில் அடிக்கும் காய் தன் எடையுள்ள இன்னொரு காயை நேருக்கு நேர் மோதினால் தன் வேகத்தை அதனிடம் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறதல்லவா, நியூட்ரானுக்கும் அதே விதிதான். ஏறக்குறைய அதே எடையுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவோடு சுமார் 18 மோதல்களில் அது தணிந்துவிடும். கன ஹைட்ரஜன் இரு மடங்கு எடை என்பதால் அங்கே சுமார் 25 மோதல்கள் வேண்டும். அப்படிப் பார்த்தால் சாதாரணத் தண்ணீரே மேல் என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், சாதாரண ஹைட்ரஜன் அவ்வப்போது நியூட்ரானை விழுங்கியும் விடுகிறது. ஆயிரத்துக்கு ஏழு என்ற வறுமையில் இருக்கும் இயற்கை யுரேனியத்துக்கு அந்த இழப்பு தாங்காது, தொடர்வினை அணைந்துபோகும். கனநீர் மெதுவாகத் தணித்தாலும் விழுங்குவது மிக அரிது. அதனால் இயற்கை யுரேனியத்தை அப்படியே எரிக்க முடிகிறது.

யுரேனியத்தைச் செறிவூட்டும் வசதி அன்றைய இந்தியாவிடம் இல்லை. தாராப்பூர் அமெரிக்கா தந்த செறிவூட்டிய யுரேனியத்தில் ஓடியது. வெளிநாடு கையை விரித்தால் உலை நின்றுவிடும். எனவே ராஜஸ்தானில் கனடா நாட்டின் கனநீர் உலையைத் தேர்ந்தார்கள். கல்பாக்கம் அதன் தம்பி. ஒரே ஒரு பெரிய வேறுபாடு: ராஜஸ்தானின் முதல் உலையைக் கனடாக்காரர்கள் கட்டிக்கொடுத்தார்கள், கல்பாக்கத்தை இந்தியர்களே கட்டுவது என்று முடிவானது. 1971-இல் முதல் அலகின் கட்டுமானம் தொடங்கியது.

1974 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. கனடா உதவியை நிறுத்திக்கொண்டது. வரைபடத்தில் ஒரு சந்தேகம் என்றால் கேட்க ஆளில்லை, ஒரு வால்வு வேண்டுமென்றால் விற்க ஆளில்லை. இந்திய ஆலைகள் அதுவரை செய்தறியாத துல்லியத்தில் பெரிய பெரிய பாத்திரங்களையும் குழாய்களையும் செய்யக் கற்றுக்கொண்டன. உலையைச் சுற்றி எழும்பிய கட்டடத்தில்கூடத் தனி யோசனை உண்டு. உள்சுவர் இறுக்கிக் கட்டிய கான்கிரீட். அதைச் சூழ்ந்த வெளிச்சுவர் கருங்கல் கட்டுமானம். அணு உலைக்குக் கருங்கல் சுவர் என்பது பல்லவர் கல் செதுக்கிய மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கல் வேலை தெரிந்த கைகள் அங்கே கிடைத்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எல்லாம் செய்துவிடலாம், கனநீருக்கு என்ன செய்வது? இயற்கைத் தண்ணீரில் ஏறக்குறைய 6,500 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றுதான் கன ஹைட்ரஜன். அதைத் தேடிப் பிடித்து, 99.75 விழுக்காட்டுக்கும் மேல் தூய்மையாக்கி, ஓர் உலைக்கு 200 டன்னுக்கும் அதிகமாகச் சேர்க்க வேண்டும். நங்கலில் இருந்த பழைய கனநீர் ஆலை இதற்குப் போதாது. தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலையின் பக்கத்தில் ஒரு கனநீர் ஆலை கட்டப்பட்டு 1978-இல் இயங்கத் தொடங்கியது. உரம் செய்வதற்காக அம்மோனியாவாக மாறவிருக்கும் ஹைட்ரஜன் வாயுவிலிருந்து கனமானதை மட்டும் வடித்தெடுத்துக்கொண்டு மீதியை உர ஆலைக்கே திருப்பி அனுப்பும் முறை அது. ஆண்டுக்குச் சுமார் 70 டன் என்பது கணக்கு. நடப்பு வேறு. உர ஆலை நின்றால் கனநீர் ஆலையும் நின்றது; மின்வெட்டு வந்தால் இரண்டும் நின்றன. பரோடாவின் கனநீர் ஆலையில் 1977 டிசம்பரில் வெடிவிபத்து. கோட்டா ஆலை தாமதம். கல்பாக்கத்தில் எந்திரங்கள் தயாராகியும் முதல் உலை கனநீருக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

அந்தக் காத்திருப்பு 1983 ஜூலை 2-இல் முடிந்தது. கல்பாக்கத்து உலைகளில் தொடர்வினை தொடங்கும் விதம் கவனித்துப் பார்க்கத் தக்கது. உலையின் நடுவே கலண்ட்ரியா என்ற பெரிய உருளைப் பாத்திரம் படுக்கைவாட்டில் இருக்கிறது. அதன் குறுக்கே 306 குழாய்கள். ஒவ்வொரு குழாயிலும் அரை மீட்டர் நீளமுள்ள எரிபொருள் கட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. கட்டு ஒன்றில் 19 கோல்கள். கோலுக்குள்ளே யுரேனிய ஆக்சைடு வில்லைகள். பாத்திரம் காலியாக இருக்கும்வரை இவ்வளவு யுரேனியமும் வெறும் கனமான பொருள்தான், எதுவும் நடக்காது. கீழிருந்து கனநீரை மெல்ல மெல்ல ஏற்றுகிறார்கள். மட்டம் உயர உயர நியூட்ரான் எண்ணும் கருவிகளின் கணக்கு கூடுகிறது. ஒரு மட்டத்துக்குப் பிறகு ஏற்றுவதை நிறுத்தினாலும் கணக்கு தானே கூடிக்கொண்டு போகும். பொறியாளர்கள் அதைத்தான் ‘கிரிட்டிகல்’ என்கிறார்கள். 1983 ஜூலையிலேயே பிரதமர் இந்திரா காந்தி நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இரண்டாவது உலை 1985 ஆகஸ்டில் கிரிட்டிகல் ஆனது.

நிறுத்துவதும் அதே தண்ணீரால்தான். கலண்ட்ரியாவுக்கு அடியில் ஒரு தொட்டி உண்டு. அதில் ஹீலியம் வாயுவின் அழுத்தம் இருப்பதால்தான் மேலே கனநீர் தங்கி நிற்கிறது. ஆபத்து என்றால் வால்வுகள் திறக்கும். மேலும் கீழும் வாயு அழுத்தம் சமமாகும். கனநீர் தன் எடையாலேயே தொட்டிக்குள் கொட்டிவிடும். தணிக்க ஆளில்லாமல் தொடர்வினை அறுந்துபோகும். இதற்கு மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பிற்கால உலைகளில் வேறு முறைகள் வந்துவிட்டன.

இவ்வளவு வேகமான ஒன்றை மனிதர்களால் எப்படிக் கட்டுப்படுத்த முடிகிறது என்ற கேள்வி நியாயமானது. பிளவில் பிறக்கும் நியூட்ரான்களில் பெரும்பாலானவை உடனே வந்துவிடும். அவை மட்டும் இருந்தால் உலையின் திறன் கண் மூடித் திறப்பதற்குள் எகிறிவிடும். ஆனால் யுரேனியம்-235 பிளவில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஆறு நியூட்ரான்கள் தாமதமாக வருகின்றன. சில நொடி கழித்து, சில சமயம் ஒரு நிமிடம்கூடக் கழித்து. இந்தச் சிறு பின்தங்கல்தான் உலையின் ஏற்ற இறக்கத்தை நிதானமாக்கி, கட்டுப்பாட்டுக் கோல்களை நகர்த்தவும் நீர்மட்டத்தை மாற்றவும் நேரம் தருகிறது. அணுமின் தொழில் முழுதும் இந்த ஆறு நியூட்ரான்களின் தயவில் நடக்கிறது.

தயவில்லாத விருந்தாளியும் உண்டு, செனான்-135. பிளவுக் கழிவிலிருந்து பிறக்கும் இந்த வாயு நியூட்ரான்களை அடங்காத பசியோடு விழுங்கும். உலை ஓடும்போது உண்டாகிற செனான் நியூட்ரான்களை விழுங்கியே அழிந்தும் போகிறது. உலை நின்றுவிட்டால் அழிக்க நியூட்ரான் இல்லை. செனான் சேர்ந்துகொண்டே போகும். குறைந்த நேரத்துக்குள் மறுபடி கிளப்பாவிட்டால், அது குறையும்வரை ஒன்றரை நாள் போலக் காத்திருந்துதான் கிளப்ப முடியும். 1980களின் தென்னிந்திய மின்கட்டமைப்பு அடிக்கடி தடுமாறக்கூடியது. வெளியே மின்பாதையில் ஒரு கோளாறு வந்து நிலையம் தானாக நின்றால், பாதையைச் சரிசெய்ய அரை மணி நேரமே ஆனாலும் கல்பாக்கத்துக்கு ஒரு நாளுக்கு மேல் உற்பத்தி போய்விடும். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் இந்தக் கடிகாரத்தோடு ஓட வேண்டியிருந்தது.

இனி வெப்பத்தின் பயணம். எரிபொருள் குழாய்களுக்குள் ஓடுவதும் கனநீர்தான். இது வேறு சுற்று. கடும் அழுத்தத்தில் வைத்திருப்பதால் 290 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் அது கொதிப்பதில்லை. நீராவிக் கலனில் அது தன் வெப்பத்தைச் சாதாரணத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. அங்கே பிறக்கும் நீராவி சுமார் 250 டிகிரி. அது டர்பைனைச் சுழற்றுகிறது. ஓர் உலை தரும் வெப்பம் ஏறக்குறைய 800 மெகாவாட். மின்சாரமாக வெளிவருவது 220 மெகாவாட். நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

மீதி வீணாகிறதே என்று ஆதங்கப்படுகிறவர்கள் 1824-இல் பிரெஞ்சு இளைஞர் சாதி கார்னோ எழுதிவைத்த கணக்கைப் பார்க்க வேண்டும். வெப்ப எந்திரத்தின் உச்ச வரம்பை இரண்டு வெப்பநிலைகளே தீர்மானிக்கின்றன: வெப்பம் எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்பவை. 250 டிகிரியில் வந்து 40 டிகிரியில் வெளியேறினால், குறையே இல்லாத எந்திரம்கூட நூற்றுக்கு 40-ஐத் தாண்டாது. உராய்வும் நீராவியின் ஈரமும் கழிந்தால் மிஞ்சுவது கல்பாக்கத்தில் கிடைக்கும் அளவுதான். நீராவியை இன்னும் சூடாக்கலாமே என்றால், அழுத்தக் குழாய்களின் சிர்கோனியக் கலவை உலோகம் இடம் தராது. அதை விட்டு எஃகுக்கு மாறலாமே என்றால், எஃகு நியூட்ரான்களைத் தின்றுவிடும். இயற்கை யுரேனியத்தின் வறுமை மறுபடி தலைகாட்டும். உலையின் நடுவில் ஆயிரத்துக்கு ஏழு என்ற அந்த எண், கடைசியில் கடலுக்குப் போகும் வெப்பம் எவ்வளவு என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

அப்படியிருந்தும் ஒரு கட்டு எரிபொருள் தருவது சாதாரணமல்ல. ஒரு மனிதர் தூக்கிவிடக்கூடிய சுமார் 15 கிலோ எடையுள்ள கட்டு, உலையில் தன் காலத்தை முடிப்பதற்குள் சுமார் 6 லட்சம் யூனிட் மின்சாரம் தந்துவிடுகிறது. அதை மாற்றுவதற்கு உலையை நிறுத்துவதும் இல்லை. குழாயின் இரு முனைகளிலும் இரண்டு எந்திரங்கள் பொருந்தி, ஒன்று புதியதைத் தள்ள மற்றது பழையதை வாங்கிக்கொள்ளும்.

டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர்விக்கக் கண்டென்சருக்குள் கடல்நீர் பாய வேண்டும். இரண்டு அலகுக்கும் சேர்த்து நொடிக்கு 35,000 லிட்டர் அளவில் கடல்நீர் வேண்டும். கரையோரத்தில் மணல் ஓயாமல் நகரும் இந்தக் கடலில் அதை எப்படி எடுப்பது? கடலுக்குள் 400 மீட்டருக்கும் மேல் தள்ளி ஒரு கிணறு போன்ற அமைப்பு. அங்கிருந்து கடற்படுகைக்கு 50 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து 468 மீட்டர் நீளச் சுரங்கம். கரையில் பம்பு நிலையம். உலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர். இந்தச் சுரங்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிலர். கல்பாக்கத்தின் மிகத் துணிச்சலான வேலை இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கடல்நீரோடு கடலின் உயிர்களும் வந்தன. சுரங்கத்தின் சுவர் வெயில் படாத இடம்; இரை தேடி வரும் பெரிய மீன் இல்லை; உணவு ஓடும் நீரிலேயே வருகிறது. பச்சை ஓட்டுச் சிப்பிகளும் கொட்டலசுகளும் அங்கே அடுக்கடுக்காகக் குடியேறிச் சுவரை மூடிவிட்டன. பிடி தளர்ந்த சிப்பிகள் கண்டென்சர் குழாய்களில் போய் அடைத்தன. சில பருவங்களில் சொறி மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து வடிகட்டித் திரைகளில் அப்பிக்கொண்டன. அணு விஞ்ஞானிகளோடு கடல் உயிரியலாளர்களும் கல்பாக்கத்தில் நிரந்தரமாக வேலை செய்ய வேண்டியதாயிற்று. எந்த மாதத்தில் குஞ்சுகள் ஒட்டும், எவ்வளவு குளோரின் விட்டால் அவை விலகும், எவ்வளவு விட்டால் வெளியேறும் நீர் கடலைக் கெடுக்கும் என்று அவர்கள் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். குளிர்வித்துத் திரும்பும் நீர் ஏறக்குறைய 8 டிகிரி கூடுதல் சூட்டோடு கரைக்கு வருகிறது.

1980களின் கடைசியில் அடி விழுந்தது உள்ளே இருந்த தண்ணீரிலிருந்து. வேகம் தணிக்கும் கனநீரும் சூடேறும். உலை வெப்பத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு போல அதில் இறங்குவதால் அதையும் சுற்றவிட்டுக் குளிர்விக்க வேண்டும். கலண்ட்ரியாவுக்குள் அந்த நீரைப் பகிர்ந்து செலுத்திய உலோக அமைப்பு, ஓட்டத்தின் அதிர்வில் உடைந்துபோனது. முதலில் ஓர் அலகிலும் பிறகு மற்றதிலும். உள்ளே கதிர்வீச்சு, மனிதர் நுழைய முடியாது. தொலைவிலிருந்து கருவிகளை அனுப்பிப் பார்த்தார்கள், உடைந்த துண்டுகளை எடுத்தார்கள், நீர் நுழையும் வழியையே மாற்றி அமைத்தார்கள். புதிய வழியில் குளிர்ச்சி முன்போல எல்லா மூலைக்கும் போகவில்லை. எனவே ஒவ்வோர் அலகின் திறனும் 170 மெகாவாட்டாகக் குறைக்கப்பட்டது. பத்தாண்டுக்கு மேல் அப்படியே ஓடியது. 2000களின் தொடக்கத்தில் 306 குழாய்களையும் ஒட்டுமொத்தமாக மாற்றும் பெரும் பணி நடந்தபோது, மூன்று குழாய்களின் இடத்தைத் துளைகளிட்ட குழாய்களுக்குக் கொடுத்து, அவற்றின் வழியே கனநீரைச் செலுத்தினார்கள். மூன்று இடத்து எரிபொருளை இழந்து 220 மெகாவாட்டை மீட்டார்கள்.

அந்தப் பணி முதல் அலகில் நடந்துகொண்டிருந்தபோதுதான் 2004 டிசம்பர் 26 வந்தது. இரண்டாம் அலகு ஓடிக்கொண்டிருந்தது. சுனாமி சுரங்கத்தின் வழியாகவே பம்பு நிலையத்துக்குள் எழும்பிக் கண்டென்சர் பம்புகளை மூழ்கடித்தது. உலை உடனே நிறுத்தப்பட்டது. நிறுத்திவிட்டால் முடிந்துவிடவில்லை: தொடர்வினை அறுந்த கணத்திலும் பிளவுக் கழிவுகளின் சிதைவால் முழு வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு போல வெளிவந்துகொண்டே இருக்கும், 800 மெகாவாட்டில் ஏறக்குறைய 50. ஒரு நாள் கழிந்தும் நான்கைந்து மெகாவாட் இருக்கும். மிஞ்சிய பம்பையும் நீராவிக் கலன்களையும் கொண்டு அந்த வெப்பத்தை முறையாக வெளியேற்றினார்கள். உலைக்கட்டடம் உயரத்தில் இருந்தது. வெளி மின்சாரமும் அறுபடவில்லை. 2011-இல் ஃபுகுஷிமாவில் இந்த இரண்டும் வாய்க்காமல் போனதன் விளைவை உலகம் பார்த்தது. கல்பாக்கத்தில் உலை தப்பியது. கரையோரக் குடியிருப்பிலும் குப்பங்களிலும் பலர் உயிரிழந்தார்கள்.

வேறு காயங்களும் உண்டு. 1999 மார்ச்சில் இரண்டாம் அலகின் குழாய் ஒன்றைச் சோதிக்கும்போது கனநீர் கசிந்தது. 2003 ஜனவரியில், எரிந்த எரிபொருளைப் பிரித்தெடுக்கும் வளாகத்தில் வால்வுக் கோளாறு ஒன்றால் ஆறு ஊழியர்கள் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அது பொதுவெளிக்கு வரப் பல மாதங்கள் ஆயின. ஊருக்கு நடுவே இருக்கும் ஒரு நிலையம் இப்படிப்பட்ட செய்தியை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணீரே வேண்டாம் என்று சொல்லும் உலைகளும் இதே வளாகத்தில்தான் வளர்ந்தன. 1971-இல் தொடங்கி, 1985-இல் இந்திரா காந்தியின் பெயர் பெற்ற ஆராய்ச்சி மையம் பிரான்சின் ராப்சோடி உலையை மாதிரியாக வைத்து ஒரு வேக உலையைக் கட்டியது. வேக உலையில் நியூட்ரானைத் தணிப்பதே இல்லை. புளூட்டோனியம் நிறைந்த எரிபொருளை வேக நியூட்ரானாலேயே பிளந்து, மிஞ்சும் நியூட்ரான்களால் பிளவுபடாத யுரேனியம்-238-ஐப் புதிய புளூட்டோனியமாக்கலாம். அதனால் ஹைட்ரஜனே உள்ளே கூடாது. வெப்பத்தை ஏந்துவது உருகிய சோடியம். 98 டிகிரியில் உருகும், 883 டிகிரிவரை கொதிக்காது, அழுத்தமே தேவையில்லை. தண்ணீரைத் தொட்டால் தீப்பற்றும் என்பது அதன் விலை.

பொக்ரானுக்குப் பிறகு இந்த உலைக்கான செறிவூட்டிய யுரேனியமும் வரவில்லை. 70 பங்கு புளூட்டோனிய கார்பைடும் 30 பங்கு யுரேனிய கார்பைடும் கலந்த எரிபொருளை, காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் அந்தப் பொருளை, மூடிய பெட்டிகளுக்குள் கையுறை மாட்டிச் செய்தார்கள். அப்படி ஒரு கலவையில் ஓடிய உலை அதற்கு முன் உலகில் இல்லை. 1985 அக்டோபர் 18-இல் கிரிட்டிகல் ஆனது. 1987-இல் எரிபொருள் மாற்றும்போது உள்ளே பாகங்கள் வளைந்து ஈராண்டு போனது. பின்னர் அந்தக் கார்பைடு, டன்னுக்கு 165 ஜிகாவாட்-நாள் வரை எரிந்து காட்டியது. பக்கத்துக் கனநீர் உலையில் இயற்கை யுரேனியம் தருவது ஏழுக்கும் குறைவு. வடிவமைத்த 40 மெகாவாட் வெப்பத்திறனை இந்தச் சிறிய உலை 2022 மார்ச்சில் எட்டியது.

அதன் வாரிசான, புளூட்டோனியம் ஈனும் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்கு 2004 அக்டோபரில் வேலை தொடங்கியது. இரண்டு மாதத்தில் அதன் அடித்தளக் குழியைச் சுனாமி நிரப்பியது. 1,750 டன் சோடியம், 490 டிகிரி நீராவி. எனவே வெப்பத்தில் நூற்றுக்கு 40 பங்கு மின்சாரமாகலாம். உலை மையத்தில் பாகங்களை ஏற்றும் பணி 2024 மார்ச் 4-இல் பிரதமர் முன்னிலையில் தொடங்கியது. குழி வெட்டியதற்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள். நீராவியை 490 டிகிரிக்கு ஏற்றினாலும் மீதி 60 பங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ள அதே வங்கக் கடல்தான். உலை ஓடும் காலமெல்லாம் அதன் பம்பு நிலையத்திலும் சிப்பிகளைச் சுரண்ட ஆள் வேண்டும்.